மறுபடியார்

உலகத்தில் உப்புமாவை வெறுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தத்துவ அடிப்படையில் அதை எதிர்த்துக் கலகம் செய்தவர் ஒருவர்தான். அவர் பெங்களூர் மர்பி டவுனில் வாழ்ந்தார். பெயர் மறுபடியார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். பக்கத்து அறை மறுபடியாருடையது. இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. நான் ஆபீஸில், அவர் ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுப்பார். மெலிந்த உடம்பு, சீப்புக்கு அடங்காத தலைமுடி, யாருக்கும் அடங்காத வாய்.

மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்கள் உண்டு. இவர் தத்துவத்தில் ஒதுங்கினார். ஒரு சாயங்காலம் மழைக்குப் பயந்து ஏதோ மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஒரு புரொபசர் பேசிக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் அப்படியே, ஒரு புள்ளி மாறாமல், முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப நடக்கும் என்று ஜெர்மனியில் யாரோ சொன்னதைப் பற்றிய பேச்சு. மழை விட்டுவிட்டது. அந்தப் பேச்சு மறுபடியாரை விடவில்லை.

"மறுபிறவி மாதிரியா?" என்று கேட்டேன்.

"அய்ய, அது இல்லப்பா. மறுபிறவின்னா நீ ராஜாவாவும் பொறக்கலாம், நாயாவும் பொறக்கலாம். இது இதே நீ, இதே நான், இதே மூட்டைப்பூச்சி. ஒரு நாள் கஷ்டம்னா பல்லைக் கடிச்சிக்கலாம். என்னிக்கும் வரப்போற கஷ்டத்தைச் சும்மா உடலாமா?"

அவர் சும்மா விடவில்லை. மறுநாள் காலை உடுப்பிக்காரர் ஹோட்டலில் உப்புமாத் தட்டோடு எழுந்து நின்றார்.

"இன்னா பட்டரே இது, சுவத்துக்குப் பூசறதா?"

"சென்னாகே இருக்கே, நல்லாத்தானே இருக்கு ஸ்வாமி! ஒரு நாள் நாஷ்டாவுக்கு எதுக்கு இவ்வளவு கலாட்டா?"

"ஒரு நாளா? இதே உப்புமாவை முடிவே இல்லாம நான் தின்னணும்யா! மனுசன் தாங்குவானா?"

பட்டர் நடுங்கிப் போய் மசால் தோசை போட்டுக் கொடுத்தார். தத்துவத்தால் தோசை கிடைக்கும் என்று நான் கண்டது அன்றுதான்.

அடுத்த பலி எங்கள் ஃபோர்மன். எல்லார் முன்னாலும் மறுபடியாரை "கழுதை" என்று திட்டிவிட்டார். வழக்கமாக அந்த ஸ்டோரில் கழுதைகள் தலையைக் குனிந்துகொள்ளும்.

"சார், அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்குங்க. இன்னிக்கு மட்டும்னா வாங்கிப்பேன். இது முடிவே இல்லாம வரும். அத்தனை கழுதைக்கு நீங்க குடுக்கற சம்பளம் பத்தாது."

ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த ஒரு வாரமும் லால்பாக்கில் மரத்தடியில் படுத்து வேர்க்கடலை தின்றார். "இந்த வாரம் எத்தனை தடவை வேணும்னாலும் வரட்டும்பா, மஜாவா இருக்குது" என்றார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயடியில் கூடும். சிரிக்காமல் கேட்டவள் கோடி அறைக் கமலா. தையல் கம்பெனியில் வேலை. அவள் புருஷன் குடித்துவிட்டு வந்தால் அடிப்பான்; குடிக்காத நாள் அபூர்வம். எங்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு அவள் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க சொல்றது நெஜமா? அப்போ இதுவும் திரும்பத் திரும்ப வருமா?"

மறுபடியார் அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"செத்தா தீந்துரும்னு நெனச்சிட்டிருந்தேன். அதையும் புடுங்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விட்டாள்.

அன்று அவர் சாப்பிடப் போகவில்லை. மத்தியானம் நான் போய்க் கதவைத் தட்டினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு மருந்துப்பா அது. அந்தப் பொண்ணுக்கு வெசமாப் போச்சு."

"உங்களுக்கு என்ன நோய்?"

அப்போதுதான் அவருக்கு ஒரு மனைவி இருந்தது எனக்குத் தெரிந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் டைபாய்டில் போய்விட்டாள்.

"மறந்துடு, அடுத்த ஜென்மத்துல வேற நல்லது நடக்கும்னாங்க. எனக்கு வேற வேணாம்பா. அவ சாவறது திரும்ப வரும்னா, அவ மொதமொதல்ல என் வீட்டுக்குள்ள வந்தது? அதுவும் வரும் இல்ல? சாவையும் சேத்தே வாங்கிக்கறேன், போ."

அவர் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

சாயங்காலம் கமலாவின் புருஷன் தள்ளாடிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் கையை ஓங்கினான். கமலாவின் கையில் துணி துவைக்கும் கட்டை இருந்தது.

"இது என்னிக்கும் வருமாம். அப்போ நான் திருப்பிக் குடுக்கறதும் என்னிக்கும் வரட்டும்!"

சாத்தியிருந்த கதவுகள் எல்லாம் திறந்தன. மறுபடியார் பனியனோடு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நல்லா யோசனை பண்ணிக்கோ. அந்தக் கட்டை ஒரு தடவை எறங்கினா ஒரு தடவையோட நிக்காது."

அவன் அந்தக் கட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். விடிந்ததும் கமலா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தாபுராவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ் வரை பெட்டியைச் சுமந்தவர் மறுபடியார்.

ஒரு மாதம் கழித்து அவள் புருஷன் குடிக்காமல் வந்து அவர் முன்னால் நின்றான்.

"அண்ணே, அவ திரும்பி வருவாளா?"

"வருவாடா. அடுத்த சுத்துல. அப்பவும் போயிடுவா."

கமலா சந்தாபுராவிலேயே தையல் கடை போட்டாள். ஒரு முறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள். கன்னம் நன்றாக இருந்தது.

மறுபடியார் அறுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் காலமானார். அவர் சித்தாந்தத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அது நிஜமாக இருந்துவிட்டால், எனக்கு வந்த கஷ்டமெல்லாம் அப்படியே இன்னொரு தடவை வரட்டும். பக்கத்து அறையில் அந்த மனுஷர் இருப்பாரே.