பெயர் சொல்ல விரும்பாத மைனா

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுப் பக்கமாக, பெரிய மருத மரம் ஒன்று இருந்தது. அதில் குடியிருந்த எல்லோரும் 'மருத மரத்து உறவுகள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். குழு வந்த பிறகு நேரில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது கிளைப் பொந்தில் பூங்கோதை என்ற மைனா மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பொந்துக்குப் புதிதாகக் குடிவந்த மாசிலாமணி என்ற மரங்கொத்தி, வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். விடிந்தால் டொக் டொக்தான். அவர் கொத்தக் கொத்த, முட்டைகள் பொந்தின் வாசலை நோக்கி உருண்டன. பூங்கோதை அலகால் உள்ளே தள்ளுவாள், மறுபடியும் உருளும். ஒருமுறை ஒரு முட்டை விளிம்புக்கே வந்துவிட்டது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பக்கத்துப் பொந்துக்குப் போய், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல நாலு எட்டுதான். ஆனால் பூங்கோதை நாகரிகமானவள். முகத்துக்கு நேரே சொன்னால் பாவம், மனசு நோகாதா? குழுவில் எழுதினாள்:

"யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சிலரால் சிலருக்குச் சில சங்கடங்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்."

எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று.

"என்னைத்தானே சொல்றே? இனிமே பழத் தோலை வாயிலேயே வச்சுக்கறேன்" என்று அணில் அழுகைப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியது. "நான் கரையறது பிடிக்கலைன்னா நேரா சொல்லணும்" என்று தொடங்கிக் காகம் எட்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பியது. மரத்துச் செயலாளரான குரங்கு மூன்று முறை ஏதோ எழுதி மூன்று முறையும் அழித்தது. என்ன எழுதி அழித்தது என்று தெரியாமல் மற்றவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசிலாமணி மட்டும் கட்டைவிரலை உயர்த்தி, கைகூப்பியிருந்தார். "அருமையா சொன்னே தங்கச்சி. அந்தச் சிலர் திருந்தணும்." அனுப்பிவிட்டுக் கொத்தப் போனார்.

பூங்கோதை விடவில்லை. அவருக்குத் தனியாக மின்னஞ்சல் எழுதினாள். முதல் பத்தியில் குடும்பத்தாரின் நலம் விசாரித்தாள். அடுத்த மூன்று பத்திகளில் அவருடைய உழைப்பையும் அலகின் உறுதியையும் வியந்தாள். சத்தத்தைப் பற்றிக் கையெழுத்துக்கும் கீழே, பின்குறிப்பில் ஒரு வரி வைத்தாள். மாசிலாமணிக்கு இரண்டாம் பத்தியிலேயே கண் கலங்கிவிட்டது. அதுவரை படித்ததை அப்படியே குழுவில் போட்டார்: "பூங்கோதை எனக்கு எழுதிய பாராட்டு மடல்."

இதற்கிடையில், புண்பட்டவர்களைச் சமாதானப்படுத்தக் குரங்கு ஒரு சத்தக் கட்டுப்பாட்டுக் கமிட்டி அமைத்தது. யாரைத் தலைவராகப் போடுவது?

"பாராட்டு மடல் வாங்கினவர் நம்ம மாசிலாமணி ஒருத்தர்தானே!" என்றது அணில். காகம் வழிமொழிந்தது.

பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. இனி யாரிடம் போய் முறையிடுவது? முட்டைகளை இறக்கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தது. டொக் இல்லை. வெயில் ஏறியும் இல்லை. மெல்ல எட்டிப் பார்த்தாள். மாசிலாமணி கிளையில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய சுற்றறிக்கைக்குத் திருத்தம் அது.

"கொத்தலையா அண்ணே?"

"அதுக்கெல்லாம் எங்கே தங்கச்சி நேரம்? பொறுப்புன்னு வந்துட்டா சொந்த வேலையைப் பார்க்க முடியுமா?"

அதற்குப் பிறகு அவர் கொத்தவே இல்லை. மூன்று முட்டைகளும் பத்திரமாகப் பொரிந்தன. பூங்கோதைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குஞ்சுகள் பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பசி, பசி என்று கத்தித் தீர்த்தன. நான்காம் நாள் தலைவரின் அறிக்கை வந்தது: "சில வீடுகளில் சில குஞ்சுகள் ஓயாமல் கத்துவதாகப் புகார். பெயர் சொல்ல விரும்பவில்லை."

பூங்கோதை வாயிலிருந்த புழுவை ஊட்டி முடித்தாள். கட்டைவிரலை உயர்த்தினாள். கைகூப்பினாள். பிறகு எழுதினாள்:

"அருமையா சொன்னீங்க அண்ணே. அந்தச் சிலர் திருந்தணும்."

நீதி: பக்கத்து வீட்டுத் தொல்லை தீர வேண்டுமா? தொல்லை தருகிறவரையே தலைவராக்கு. தொல்லை தருவது நீயே என்றால், முதல் ஆளாகக் கைகூப்பு.