நிற்காத வண்டியும் நான் விட்ட சவடாலும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வண்டியும் நலம். வண்டி நலமாக இருப்பதுதான் இப்போது பிரச்சினை.

உங்கள் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, நீங்களும் மகளும் என்னை உங்களோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் டீசல் வண்டி என்னைக்கு நடுரோட்டுல நின்னுபோகுதோ, அன்னைக்கு வரேன் மாப்பிள்ளை" என்று சவடால் விட்டேன். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. என் பேச்சுக்கு நீங்கள் கொடுத்த மரியாதை அது, குறை சொல்லவில்லை. கிழட்டு வண்டிதானே, ஆறு மாதத்தில் மூச்சை விட்டுவிடும், கௌரவமாகப் பெட்டியைக் கட்டலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அந்தக் காலத்து டர்போ டீசல் இஞ்சினைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

வீட்டில் பேச ஆளில்லை மாப்பிள்ளை. டிவியில் செய்தி வாசிக்கும் பெண் வணக்கம் சொன்னால் நானும் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்கிறேன். அவள் விடைபெறும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ஆயில் மாற்றாமல் விட்டுப் பார்த்தேன், மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், அது பாட்டுக்குப் போகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால், "கஞ்சத்தனமே இல்லாம இரும்பை ஊத்திப் பண்ண இஞ்சின் சார். உங்களுக்கு அப்புறமும் ஓடும்" என்றார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பெனிக்காரன் பாதி பலத்தைக் கட்டிப்போட்டுத்தான் வித்திருக்கான். டர்போ அழுத்தத்தை ஏத்தி, டீசல் பம்புல ஒரு திருகைத் திருப்பினா பறக்கும். ரொம்ப ஆசைப்பட்டாதான் கிளட்ச் போயிடும், கேஸ்கெட் போயிடும்" என்றார். "போயிடும்" என்று கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "ரொம்பவே ஆசைப்படுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் கிளப்பியதும் கரும்புகை. ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு டீச்சர், காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "இது வீடா, செங்கல் சூளையா?" என்றார். "நின்னுக்கிட்டே ஏன் திட்டறீங்க, உட்காருங்க, டீ போடறேன்" என்றேன். நல்ல சண்டை மாப்பிள்ளை, இரண்டு டம்ளர் டீ ஓடியது. மறுவாரமும் வந்தார். அதற்குள் மெக்கானிக், டர்போ காற்றைக் குளிரவைக்கும் பெரிய இன்டர்கூலர் போட்டு, காற்றும் டீசலும் சரிக்குச் சரியாகப் போகும்படி செய்து புகையை நிறுத்தித் தொலைத்தார். டீச்சர் வருவதும் நின்றது. கிளட்சாவது போகும் என்று பார்த்தால், மனிதர் முன்யோசனையாகக் கனமான கிளட்சையும் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது அது மேட்டில் புத்தம்புது கார்களை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு ஏறுகிறது. அன்றைக்கு ஒன்றைத் தாண்டிய குஷியில், "பார்த்தியா?" என்று உங்கள் மாமியார் உட்காரும் பக்கத்து சீட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். வண்டியை ஓரம்கட்டி அழுதேன்.

ஆகவே, சொன்ன சொல் மாறாதவன் என்ற முறையில் நான் அங்கு வருவதற்கில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலையை விட்டுவிட்டு யாரும் இங்கு வரவும் வேண்டாம். அப்பா ஜம்மென்று இருக்கிறார் என்று மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடத்தான் வண்டியை எடுத்தேன். தபால் பெட்டியைத் தாண்டியும் நிறுத்தவில்லை. இப்போது உங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறேன், காவலாளி இதை மேலே கொண்டு வருவார். வழியில் வண்டி நின்றுவிட்டதாகப் பொய் சொல்ல எண்ணியிருந்தேன், இஞ்சின் சத்தம் மேலே உங்கள் வீடு வரை கேட்கும் என்பதால் விட்டுவிட்டேன். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டர்போ வண்டியைச் சட்டென்று அணைக்கக் கூடாதாம், சற்று நேரம் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டுமாம். அதற்குள் மகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அணைத்துவிட்டு மேலே வருகிறேன். பெட்டி பின்சீட்டில் இருக்கிறது.