வைன் குடிப்பவர்கள்: எங்கள் பக்கத்தில் மூவர்

எங்கள் ஆட்களிடம் தொலைபேசியில் ஒரு கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை நம்பி ஒரு கல்யாணத்தை நடத்தக்கூடாது. சிட்னியில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஐம்பத்துமூன்றாவது வயதில், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், பட்டுச்சேலையில் நின்றபடிதான் தெரியவந்தது.

நான் ஒழுங்கான ஆள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், ரயில் எத்தனை நிமிடம் பிந்தியது, பிரிட்ஜில் என்ன கறி மிச்சம், எல்லாம் அதில் இருக்கும். (இது ஒரு வருத்தம், டொக்டரிடம் காட்டவேண்டும் என்கிறாள் என் மகள் துளசி. அவள் அப்படிச் சொன்ன நாட்களையும் குறித்திருக்கிறேன்.)

துளசி கட்டப்போவது டேனியலை என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. அவனுடைய அப்பா ஜோசப், ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர், கிறிஸ்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். இரண்டு பக்கமும் எப்படி ஒட்டப்போகிறது? முதல் சந்திப்புக்கே ஐந்து பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். முருகன் கோயிலில் தாலிகட்டு, ஐயர், சைவச் சாப்பாடு என்று நான் வாசிக்க வாசிக்க அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தன் மலேசியத் தமிழில் சொன்னார்:

"எல்லாம் உங்க முறைப்படி செய்யுங்க, சம்பந்தியம்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் லா. ரிசெப்ஷன்ல நான் எழுந்து வைன் கிளாஸ தூக்கி என் பையன வாழ்த்தணும். எங்கப்பா எனக்கு அப்படித்தான் செஞ்சாரு."

"ஓம், கட்டாயம்" என்று வாக்குக் கொடுத்தேன். இவ்வளவு விட்டுக்கொடுத்த மனிதர் கேட்டது ஒரேயொரு கிளாஸ். அதில் பிழை விட்டால் நான் என்ன மனுஷி?

வென்ட்வேர்த்வில்லுக்குப் பக்கத்தில் பிடித்த மண்டபத்தின் மனேஜர் இரண்டு வழி சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று கட்டினால் வைன் அவர்கள் பொறுப்பு. இல்லாவிட்டால் வைனை நாங்களே கொண்டுவரலாம், ஆனால் அன்று பார் பூட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"மண்டபக்காரரிட்டையே விடுமப்பா. தலையிடி இல்லை."

"குடிக்காத ஆக்களுக்கும் சேர்த்தோ கட்டிறது?"

"அப்ப நாங்களே வாங்குவம். ஆனால் கொஞ்சம் கூடுதலாய் வாங்கும். மூடி உடைக்காத போத்தலைக் கடைக்காரர் திருப்பி எடுப்பினம்."

"திருப்பிக் குடுக்கிற சாமானை ஏன் வாங்கோணும்? எத்தினை பேர் குடிப்பினம் எண்டு கேட்டால் தெரியும்தானே."

"ஆரைக் கேக்கப்போறீர்?"

"எல்லாரையும்."

அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட எழுந்து போனார். (வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.)

கணக்கெடுப்பை வீட்டிலிருந்தே தொடங்கினேன். "நீங்கள் குடிப்பீங்களோ?"

"சீச்சீ, எனக்குப் பழக்கமில்லை" என்றார் கணவர். எழுதிக்கொண்டேன்.

நான்கு பின்னேரங்கள், ஐம்பத்தெட்டு வீடுகளுக்குத் தொலைபேசி. கோயில் தொண்டர் பரமலிங்கம் அண்ணை கோபப்பட்டே விட்டார். "தங்கச்சி, என்ன கேள்வி இது? திருநீறு பூசிற மனிசனிட்டைக் கேக்கிற கேள்வியோ?" பின்னாலிருந்து அவர் மனைவி, "ஆரப்பா அது? என்னவாம்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. இன்னொருவர், வைனின் மணமே தனக்குத் தலைசுற்று என்றார். வேறொருவர், "அது வெள்ளைக்காரர் குடிக்கிறதெல்லே" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எங்கள் பக்கத்து நூற்று அறுபத்தெட்டுப் பேரில் ஓம் என்றவர்கள் மூவர். இருவர் யூனிவர்சிட்டிப் பிள்ளைகள். ("யா, ஷுவர், அன்ரி.") மூன்றாமவர் குணம் அண்ணை, மனைவி காலமான பிறகு தனியாக இருப்பவர். பெரியவர்களில், பக்கத்தில் நின்று கேட்க ஆள் இல்லாத ஒருவர்தான் உண்மை சொன்னார் என்பது எனக்கு உறைக்கவில்லை. சமூகம் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அன்றைய பக்கத்தில் 'மனநிறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் அந்தக் கோட்டாலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜோசப் தன் பக்கத்து நாற்பத்துநான்கு பேரில் இருபத்தாறு பேர் என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஆக இருபத்தொன்பது பேர். ஆளுக்கு இரண்டு கிளாஸ், போத்தலுக்கு ஐந்து கிளாஸ். பன்னிரண்டு போத்தல் போதும். வாழ்த்துரைக்கென்று தனியாக இரண்டு. மொத்தம் பதினான்கு. பன்னிரண்டையும் மாப்பிள்ளை பக்கத்து ஐந்து மேசைகளில் வைக்கச் சொன்னேன். எங்கள் மூவருக்கும் அங்கேயே கதிரை போடுவித்தேன். மற்ற மேசைகளில் மாம்பழச் சாறு.

அன்று ஆறரைக்கு விருந்து தொடங்கியது. ஆறு ஐம்பதுக்கு நான் மேடையோரத்தில் நின்று மண்டபத்தைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து மாப்பிள்ளை பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். "சம்பந்தி வீட்டுக்காரரோடை கதைச்சிட்டு வாறன்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டு, சிலர் தங்கள் கதிரையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்துப்பேர் மேசையில் இருபது பேர். தோளில் கை, வெடிச் சிரிப்பு. எதற்காக இத்தனை நாள் பயந்தேன்? சாதி, சமயம், நாடு எல்லாம் இருபது நிமிடத்தில் கரைந்துபோயிருந்தன.

கணவரைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தேன். அவரும் அங்கேதான் இருந்தார்.

ஏழேகாலுக்கு மண்டபத்துப் பணிப்பெண் ஓடிவந்து, மேசைகளில் வைன் முடிந்துவிட்டது என்றாள்.

"வாழ்த்துரைக்கு வைத்த இரண்டும் இருக்கிறதுதானே?"

"இல்லையே. மணமகளின் மாமா என்று சொல்லி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்."

எனக்கு உடன்பிறந்த ஆண்களே கிடையாது. அவள் கை காட்டிய திசையில் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு பரமலிங்கம் அண்ணை, ஈப்போக்காரர் ஒருவரின் கிளாஸில் போத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுக்காகத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தங்கச்சி! அருமையான சனம் இவை!" என்றார்.

எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஐம்பத்தெட்டு அழைப்பு, நான்கு பின்னேரம். "இரண்டு கிளாஸ்" என்று ஒருவராவது சொல்லியிருந்தால்? பார் பூட்டியிருந்தது. பிள்ளைகள் கேக் வெட்டியாயிற்று. அடுத்தது ஜோசப்பின் வாழ்த்துரை. அவர் முன்னால் இருந்த கிளாஸ் வெறுமையாக இருந்தது. தன் பங்கையும் எங்கள் ஆட்களுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார், பாவம். வந்தவர்களை உபசரிப்பதாக நினைத்திருப்பார்.

கணவரை மூலைக்கு இழுத்துச் சொன்னேன். "அந்த மனுஷன் கேட்டது ஒண்டே ஒண்டு. நான் வாக்குக் குடுத்தனான்."

அவர் நேராகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். மூன்று நிமிடத்தில் ஜோசப்பின் கிளாஸில் பொன்னிறமாக ஏதோ வந்து சேர்ந்தது. எங்கள் காரின் உதிரிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு போத்தல் இருந்ததாம். (அந்தக் காருக்குள் இருக்கும் சாமான்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் அது இல்லை.)

ஜோசப் கிளாஸோடு எழுந்து மேடையேறினார். மகனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். கிளாஸை உயர்த்தினார். மண்டபமே மாம்பழச் சாற்றை உயர்த்தியது. அவர் ஒரே மூச்சில் குடித்தார். உடனே அவர் முகம் சிவந்தது, குரல் அடைத்தது, இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது. ஒரு நிமிடம் அவரால் பேச முடியவில்லை. பெண்கள் பக்கத்தில் பலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். டேனியல் ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தான். அந்தப் படம்தான் இப்போது இரண்டு வீட்டு வரவேற்பறையிலும் தொங்குகிறது.

கீழே இறங்கிவந்த ஜோசப் என் காதருகே குனிந்தார். "சம்பந்தியம்மா... இது வைன் இல்ல லா."

அது தென்னஞ்சாராயம். தண்ணீர்கூடக் கலக்காதது.

அன்றிரவு நாட்குறிப்பில் ஒரு வரிதான் எழுதினேன்: 'பதினான்கு போதவில்லை.'

இப்போது ஜோசப் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் தன் போத்தலைத் தானே கொண்டுவருகிறார். மேசையில் வைத்துவிட்டு, துளசியும் டேனியலும் பார்த்திருக்க, ஒரு கொப்பியையும் பேனையையும் கையில் எடுத்துக்கொண்டு என் கணவரிடம் கேட்பார்: "சம்பந்தி, நீங்க வைன் குடிப்பீங்களா?"

என் கணவர் என்னை ஒருமுறை பார்ப்பார். பிறகு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வார்: "சீச்சீ, எனக்குப் பழக்கமில்லை."

நான் எழுந்து போய் இரண்டு கிளாஸ் எடுத்துவருகிறேன்.