ஆளுக்கொரு வாய்

கடல்வள அலுவலகத்தின் அதிகாரி வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய் ஒரு படத்தோடு திரும்பினார். பவளப்பாறையில் ஒட்டி வாழும் கடல்பீச்சியின் படம். பார்க்கப் பச்சைக் குடுவை மாதிரி ஒரே உயிர். உண்மையில் எண்ணற்ற குட்டி உயிர்கள் ஒட்டிக்கொண்ட கூட்டம். ஆளுக்கொரு வாய். தண்ணீர் வெளியேற மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே துவாரம்.

“நிர்வாகம்னா இதுதான்யா” என்றார் அதிகாரி.

மறுநாளே தடுப்புகள் அகற்றப்பட்டு, மேசைகள் ஒட்டிப் போடப்பட்டன. கோப்புகளில் ‘நான்’ என்ற சொல் தவிர்க்கப்படவேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது. தலைமை எழுத்தருக்கு அதில் சிரமமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ‘ஆவன செய்யப்படும்’ என்றுதான் எழுதிவந்தார்.

சிரமம் அவர் மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது வந்தது. தாயில்லாத பெண், தலைச்சன் பிரசவம். அப்பா பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தாள். அவர் விடுப்புக் கேட்டார்.

“கடல்பீச்சியில ஒண்ணு மட்டும் லீவு போடுமா?” என்றார் அதிகாரி.

“போடாதுங்க.”

“அப்போ எல்லாருமா போவோம்.”

அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வாட்ச்மேனும் வேனில் ஏறிக்கொண்டார். வாசலில் நின்ற மனுதாரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றாள் நர்ஸ்.

“நாங்க ஒருத்தர்தாம்மா” என்று அதிகாரி படத்தைக் காட்டினார். அவளுக்கு வாதாட நேரமில்லை. பிரசவ அறை வாசல்வரை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நர்ஸ் கையில் துணி சுற்றிய குழந்தையோடு வந்து, “பொண்ணு. தாயும் நல்லா இருக்காங்க. யாரு இதுக்குப் பொறுப்பு? வந்து வாங்கிக்கோங்க” என்றாள்.

அந்த அலுவலகத்துக்கு மிகவும் பழக்கமான கேள்வி அது. இலாகாப் படகு மூழ்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். டைப்பிஸ்ட் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் டிரைவரைப் பார்த்தார். அதிகாரி சுவரைப் பார்த்தார். தலைமை எழுத்தரின் கால் முன்னால் போகத்தான் எழுந்தது; கழுத்து மட்டும், அதன் பழக்கத்துக்கு, பக்கத்து ஆள் பக்கம் திரும்பிவிட்டது.

நர்ஸ் பொறுத்துப் பார்த்தாள். உரியவர் வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு, குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அப்பா வந்திருக்காரா?” மகளின் குரல்.

“வாசல் நிறைய ஆளு நிக்குது. ஆனா யாரும் வரலம்மா.”

தலைமை எழுத்தர் பதறிப்போய்க் கதவிடுக்கில் வாயை வைத்தார். ‘நான் வந்திருக்கேம்மா’ என்று சொல்லத்தான் வைத்தார்.

“ஆவன செய்யப்படும்” என்று வந்தது.