மூக்குவரை வந்த திருமுகம்

தொலைபேசிக் கம்பியின் வழியே கணினிக்குள் உலகமே எழுந்தருளத் தொடங்கியிருந்த காலம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீட்டிலும் தொலைபேசியோடு இணைத்து மோடம் என்னும் சிறுபெட்டி பக்தியுடன் அமர்த்தப்பட்டிருந்தது. வெளிநாட்டில் பிறந்த பேத்தியின் படம் அன்று அதன் வழியே வரவேண்டும்.

"மூக்கைப் பார்த்துச் சொல்லுங்கப்பா. உங்கம்மா மூக்குன்னா குழந்தைக்கு அவங்க பேரு, அம்மாவோட அம்மா மூக்குன்னா அவங்க பேரு. இன்னிக்கே பதிவு பண்ணணும்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

படமோ கேசாதிபாதமாக, கோடு கோடாக, மிக மெதுவாக இறங்கிற்று. தலைமை ஆசிரியர் முந்தைய வாரமே தொலைபேசி அலுவலகத்தில் முறையிட்டிருந்தார். மேற்பார்வையாளர் அப்போதே அருள் புரிந்திருந்தார்: அடிக்கடி தாமே அழைத்து விசாரிப்பார், இணைப்பு பயன்பாட்டில் இருந்தாலும் அழைப்பு உள்ளே நுழையப் புதிய வசதியும் தந்துவிட்டார்.

கேசம் தெரிந்தது. நெற்றி தெரிந்தது. அழைப்பு நுழைந்தது. இணைப்பு அறுந்தது. மணி அடித்தது.

"சார், இப்ப வேகம் எப்படி?"

"நீங்க கூப்பிடுறவரைக்கும் இருந்துச்சு."

"முன்னேற்றம்னு எழுதிக்கவா?"

"இணைப்பே போயிடுச்சுங்க!"

"உங்க புகார் வேகக் குறைவு பத்தி. இணைப்பே இல்லாதப்ப வேகம் எப்படி சார் குறையும்?"

மீண்டும் கேசம்; மீண்டும் நெற்றி; மீண்டும் விசாரணை.

"நெத்தி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. மூக்கு எங்கம்மாவுதுதான்" என்றாள் மனைவி.

"எதை வெச்சுச் சொல்ற? புருவத்தை வெச்சா?"

அடுத்த அழைப்பில் தலைமை ஆசிரியர் மேற்பார்வையாளரிடம் இறைஞ்சினார்: "சார், கொஞ்ச நேரம் விசாரிக்காம இருங்களேன். அதுவே பெரிய உதவி."

விசாரிக்காமலிருக்க மேலிடத்து அனுமதி தேவைப்பட்டது. பெரும் பரிசீலனைக்குப் பின் விசாரணை விலக்கு அருளப்பட்டது. புதிய வசதியும் திரும்பப் பெறப்பட்டது. நிபந்தனை ஒன்றே: வேகம் சரியானவுடன் வாடிக்கையாளர் தாமே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

நிசப்தம். கேசம், நெற்றி, புருவம் கடந்து இரு கருவிழிகள் மலர்ந்தன. தம்பதியர் மூச்சை அடக்கிக்கொண்டனர். மூக்கின் தண்டு அரும்பிற்று.

தலைமை ஆசிரியர் ஆயுள் முழுவதும் விதி தவறாதவர். தொலைபேசியை எடுத்தார். காதில் மோடம் கிறீச்சிட்டு ஓய்ந்தது.

"சார், வேகம் ரொம்ப நல்லா..." என்று அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே திரும்பினார். திரையில் மூக்குத்தண்டோடு படம் உறைந்திருந்தது.

"மிக்க மகிழ்ச்சி சார். திருப்தின்னு எழுதிக்கிறேன்."

தலைமை ஆசிரியர் தொலைபேசியை வைத்த கணமே மணி அடித்தது. மகள்.

"மூக்கு எங்கம்மாவுது!" என்று பிடுங்கிக் கத்தினாள் மனைவி.

"அட போம்மா. ரொம்ப நேரமா கூப்பிடுறேன், உங்க லைன் கிடைச்சாத்தானே? என் மாமியார் நேர்லயே பார்த்துட்டு, தன் மூக்குன்னு சொல்லித் தன் பேரையே பதிவு பண்ணிட்டாங்க."