செல்வின் சொன்ன ஏழு ஆமென்

செல்வின் ஒரு கோழை. பொய்யனும்கூட. இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லிவிட்டேன். பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். அதனால்தான் எழுதி வைக்கிறேன். அன்றைக்குச் சபையில் மானம் போனதில் பாதிக்கு அவன் பொறுப்பு. (மீதிப் பாதிக்கு நான். அதையும் சொல்லத்தான் போகிறேன்.)

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. செல்வினுக்கு அடுத்த மேஜை. இரண்டு பேரும் ஒரே சபை. அவன் சென்னைக்குப் போய்விட்டு வந்தபோது இரண்டு கேம் சிடி கொண்டுவந்தான். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் கை கழுவப் போவார்கள். நாங்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவோம்.

ஒன்று, ஒரு இளவரசனாகவே நாம் வாழ்கிற கேம். அவனுடைய அப்பா ராஜா. ராஜாவுக்கு அவர் தம்பியே விஷம் வைத்துச் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொள்வான். இளவரசன் காட்டுக்கு ஓடி, எலி, பாம்பு என்று அடித்து அடித்துப் பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஒரு குள்ளன் பலகைக்குப் பலகை தாவி, பெட்டிகளைத் தள்ளிக் கதவு திறக்கிற கேம்.

யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெட்டி கேம்தான் உசத்தி. இளவரசன் கேம் சோம்பேறிகளுக்கானது. நூறு எலியை அடித்தால் எந்த முட்டாளும் அதில் வீரன்தான். பெட்டி கேமில் அந்தப் பாச்சா பலிக்காது. பெட்டியைத் தப்பாக மூலையில் தள்ளிவிட்டால் அது திரும்ப வராது. யாரையும் திட்ட முடியாது. தள்ளியது நீதான்.

"பெட்டி தள்றதுக்கு எதுக்குடா கேமு? பேக்கிங் செக்ஷனுக்குப் போ, நெசமாவே தள்ளலாம்" என்பான் செல்வின்.

ஆனால் இளவரசன் கதை என்னையும் பிடித்துக்கொண்டது. எல்லாம் கடுமையான இங்கிலீஷ். புரிவதற்கு எனக்கு ஒரே துணை சித்தப்பா. அப்பாவின் தம்பி, வேலூரில் பள்ளிக்கூட வாத்தியார். என்னைக் கம்ப்யூட்டர் கிளாசில் சேர்த்தவர் அவர். இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவரும் அவர். அவர் கொடுத்த டிக்ஷனரியை வைத்துக்கொண்டுதான் ராஜாவுக்கு என்ன ஆனது என்பதையே படித்தேன். ஒருநாள் டிக்ஷனரி கையில் இல்லை. அவருக்கே போன் போட்டேன்.

"சித்தப்பா, யூசர்பர்னா இன்னா?"

"அடுத்தவன் எடத்த புடுங்கிக்கறவன். ஏன்டா, கம்பெனில எவனாச்சும் உன் சீட்ட புடுங்கிட்டானா? சொல்லு, நான் வந்து பேசறேன்."

அப்படிப்பட்ட மனுஷன்.

எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு வாலிபர்கள் இரண்டு பேர் மைக் முன்னால் நின்று, கடவுள் தங்களை எதிலிருந்து தூக்கிவிட்டார் என்று சாட்சி சொல்ல வேண்டும். விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழமோ, சாட்சிக்கு அவ்வளவு மதிப்பு. எனக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, காய்ச்சல்கூட இரண்டு நாளுக்கு மேல் நின்றதில்லை. வாலிபர் சங்கச் செயலாளர் செல்வின். என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டான். பிளஸ் டூ பாஸ் ஆனதை வைத்து இரண்டு நிமிஷம் ஒப்பேற்றிவிடலாம் என்று தயார் செய்துகொண்டு போனேன். எனக்கு முன்னால் எழுந்தவன், பிளஸ் டூ பாஸ் ஆனதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மைக் முன்னால் போய் நின்றேன். நாலாவது பெஞ்சில் சித்தப்பா, தேய்த்த வெள்ளைச் சட்டையில். நான் பேசுவதைக் கேட்க வேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பேசு பேசு என்று தலையாட்டினார்.

"என் வாழ்க்கை சமாதானமாக இருக்கவில்லை" என்றேன்.

"ஆமென்!" இரண்டாவது பெஞ்சிலிருந்து செல்வின்.

அடுத்த வரி தலையில் இல்லை. அங்கே இருந்தது இளவரசன் மட்டும்தான்.

"என் தகப்பனாருக்கு அவருடைய சொந்தத் தம்பியே விஷம் வைத்தார்."

"ஆமென்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் அவன் வாயை மூடியிருந்தால் நானும் மூடியிருப்பேன். அவனுக்குக் கதை தெரியும். அதில் அவன் என்னைவிட நாலு கட்டம் முன்னால் இருந்தான்.

அப்பா காணிக்கைப் பையோடு தூண் ஓரத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கேமில் ராஜா செத்துப்போவார். இங்கே ராஜா பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதனால் அவசரமாக, "ஆனாலும் அவர் சாகவில்லை!" என்றேன். சபையே அல்லேலூயா என்றது. செல்வினுடையது மூன்றாவது ஆமென்.

அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. காட்டில் அலைந்தேன், எலிகளோடு போராடினேன். ஆமென். பாம்பு கடித்தது, ஒரு நீரூற்றில் குடித்ததும் சுகமானேன். ஆமென். உயிர்த்தோழனே என்னைக் காட்டிக்கொடுத்தான். (இதற்குத்தான் ஆமென் பலமாக வந்தது.) கடைசியில் மூன்றாவது குகை வாசலில் டிராகன். அதை வலுசர்ப்பம் என்றேன். வேதத்திலேயே இருக்கிற வார்த்தை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழாவது ஆமென்.

பெண்கள் பக்கம் முந்தானைகள் நனைந்திருந்தன. போதகர் எழுந்தார். "விஷம் வைத்த அந்தச் சகோதரன் மனந்திரும்பும்படி ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சித்தப்பாவும் கண்ணை மூடித் தலை குனிந்து நின்றிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வெளியே டீயும் பன்னும். எப்போது வந்தாலும் சித்தப்பாதான் டீத் தட்டைத் தூக்குவார். அன்றைக்கும் தூக்கினார். ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினார். ஒருவரும் எடுக்கவில்லை. "வேணாம் சார், இப்பதான் குடிச்சேன்" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, எடுக்கப்போன பிள்ளையின் கையைத் தட்டிவிட்டார். ஆடை கட்டிய இருபது டீயோடு அந்த மனுஷன் வெயிலில் நின்றார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா வந்தார். ஒரு கிளாஸை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தார். காலிக் கிளாஸைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். பிறகு நேரே மரத்தடிக்கு வந்தார்.

"டேய், எனக்கு எவன்டா வெஷம் வெச்சது?"

சொன்னேன். கேம், ராஜா, தம்பி, எல்லாம். பின்னாலேயே வந்த சித்தப்பா தட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"யூசர்பர்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு இதுக்குத்தான் கேட்டியா?"

அவ்வளவுதான். திட்டவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அப்பா போய் எல்லாவற்றையும் சொல்ல, அடுத்த ஞாயிறு போதகர் என்னை மறுபடி மைக் முன்னால் நிறுத்தினார். கம்ப்யூட்டர் கேம் என்றால் என்ன என்று ஒரு சபைக்கே விளக்க வேண்டியிருந்தது. "அப்ப அந்த நீரூத்துத் தண்ணி கெடைக்காதா தம்பி?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். முழங்கால் வலிக்காம். கூசிப்போனேன். "செல்வினுக்கும் தெரியும், அவனும்தான் ஆடினான்" என்றேன்.

"எந்த கேமு?" என்றான் செல்வின்.

"அந்த இளவரசன் கேமுடா!"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"நீதானடா சிடி வாங்கிட்டு வந்த!"

"இன்னா சிடி?"

வேதத்தில் வருகிற சீஷன் மாதிரியே மூன்று தரம் மறுதலித்தான். சேவல்தான் கூவவில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்குச் சித்தப்பா வரவில்லை. நான் வேலூருக்குப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "உள்ள வாடா" என்றார். அடுத்த கிறிஸ்துமசுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்ததும் தன் கிளாஸை அப்பாவிடம் நீட்டி, "மொதல்ல ராஜா குடிக்கட்டும்" என்றார். வீடே உருண்டு புரண்டு சிரித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்பா குடிக்காமல் யாரும் டீயைத் தொடுவதில்லை. என் பிள்ளைகள்கூட, "தாத்தா, செக் பண்ணிட்டியா?" என்கிறார்கள். சித்தப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். எனக்கு மட்டும் அந்த இருபது டீ ஞாபகம் வருகிறது. அந்தப் பெட்டியை மூலையில் தள்ளியது நான். ஒப்புக்கொண்டேன், மைக்கிலேயே.

செல்வின் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது அவன்தான் சபைச் செயலாளர். வாராவாரம் அறிவிப்பு வாசிக்க மைக் அவன் கையில்தான் இருக்கிறது. வருகிற வாலிபர் ஞாயிறுக்குச் சித்தப்பாவை நானே கூட்டிவந்து அதே நாலாவது பெஞ்சில் உட்காரவைப்பேன். செல்வின், அறிவிப்பெல்லாம் வாசித்து முடித்த பிறகு மைக்கை வைத்துவிடாதே. அந்த கேமை நீ ஆடினாயா இல்லையா? ஆடினாய் என்றால், விஷம் என்று நான் சொன்னதும் எதற்கடா ஆமென் சொன்னாய்? அவர் முகத்தைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கிற மாதிரி, மைக்கில் சொல்.