ஏனுங்கண்ணன் வாங்கிய வெள்ளி ஷேர்

திருப்பூரில் மிஷினிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே முதலாளி எங்கள் ஏனுங்கண்ணன்தான். ஊசி உடைந்தால் மற்ற முதலாளிகள் டெய்லரைத் திட்டுவார்கள். இவர் மிஷினைத் தடவி, "ஏனுங்க, ரொம்ப ஓட்டிப்போட்டனுங்களா?" என்பார். கரண்ட் போனாலும், "ஏனுங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?" தான். அவருடைய நிஜப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

மங்கலம் ரோட்டில் அவருடையது ஜாப் ஒர்க் யூனிட். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டி அனுப்பும். நாங்கள் பனியனாகத் தைத்துக் கொடுப்போம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நான் அங்கே செக்கிங் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். டெய்லர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கம்தான். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறுவோம். போனஸ் சரியில்லை என்றால் தீபாவளி முடிந்து ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். முதலாளி காலி மிஷின்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து எட்டில் அண்ணனுக்கு வெள்ளிப் பைத்தியம் பிடித்தது. "கொலுசு போடாத பொண்ணு நம்மூர்ல இருக்குதுங்களா? வெள்ளி எங்கீங்க எறங்கப்போகுது?" என்று சொல்லி, வடக்கே வெள்ளி வெட்டியெடுக்கும் ஒரு கம்பெனியின் ஷேரை வாங்கினார். எந்தப் பணத்தில்? எங்கள் போனஸுக்கு ஒதுக்கிய பணத்தில். தீபாவளி வரை சும்மாதானே கிடக்கிறது, ஏறினால் இவர்களுக்கே சேர்த்துக் கொடுக்கலாம் என்ற நல்லெண்ணம்.

ஆயுத பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவர், ஷேர் விலை அச்சான பேப்பருக்கும் சந்தனம் தெளித்துப் பொரி படைத்தார். சந்தனம் சரியாக அந்தக் கம்பெனியின் விலை மேலேயே விழுந்து மறைத்துவிட்டது. நல்லவேளை, பார்த்திருந்தால் பொரி தொண்டையில் சிக்கியிருக்கும்.

மறுநாள் மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். "வெள்ளி அஞ்சுல ஒரு பங்குதானுங்க எறங்கியிருக்குது. ஷேரு பாதிக்கு மேல போயிருச்சுங்க."

"அதெப்படிண்ணாச்சி? கணக்கு இடிக்கே" என்றாள் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் செல்வி. எங்கள் ஊர்ப் பெண், யாருக்கும் பயப்படமாட்டாள்.

அண்ணன் ஒரு பனியனைக் கையில் எடுத்தார். "பீஸுக்கு நமக்குப் பத்து ரூவா தர்றாங்க. கூலி, கரண்டு, வாடகைன்னு எட்டு ரூவா போயிருது. துணி குடுக்கற பையரு ரெண்டு ரூவா கொறைச்சா? பத்துல ரெண்டுதாங்க போச்சு. ஆனா நம்ம லாபம் பூராவும் போச்சுங்களே. அந்த வெள்ளிக் கம்பெனிக்கும் அப்படித்தானுங்க. வெள்ளி வெலை எறங்கீருது. தோண்டற கூலியும் டீசலும் எறங்கறதில்லீங்க. மிஞ்சற லாபத்தப் பாத்துத்தானுங்க ஷேருக்கு வெலை."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "காலம் பூராவும் பையருகிட்ட இதே அடிய வாங்கறவன் நானு. அந்தச் சொரங்கமும் நம்மளாட்ட ஜாப் ஒர்க்குதான்னு புத்தில ஏறலீங்களே."

ஷேர் மார்க்கெட்டை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் செல்விக்குத் தெளிவு போதவில்லை. "செலவக் கொறைச்சா லாபம் நிக்கும்லா? அப்போ எங்க போனஸ வெட்டப்போறியளோ?"

அண்ணன் பனியனை மடித்து வைத்தார். "போனஸு என்னோட லாபம் இல்லீங்க கண்ணு. நீங்க தெச்சுப்போட்ட கூலி. அதத் தொட்டதே என்னோட தப்புங்க."

அந்த வாரமே அவருடைய அம்பாசடர் கார் காணாமல் போனது. பெற்ற பிள்ளையைக் கூட அப்படித் துடைத்திருக்கமாட்டார். அப்படி வைத்திருந்த வண்டி. போனஸ் ஒரு பைசா குறையாமல் வந்தது.

மங்கலம் ரோட்டிலேயே, எங்கள் யூனிட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் ஒரு பெரிய கம்பெனி. அதிகச் சம்பளத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தீபாவளி முடிந்து ஊரிலிருந்து வந்தவன், அங்கே சேருவதென்று முடிவு செய்து டவுன் பஸ் ஏறினேன். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிபன் கேரியரோடு எங்கள் முதலாளி நிற்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, ஆளுங்கெல்லாம் திரும்பி வந்துருவாங்களாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வருவாங்கண்ணே" என்றேன். அந்த மனுஷனைத் தனியே போகவிட எனக்கு மனசு வரவில்லை. கண்டக்டரிடம் எங்கள் ஸ்டாப்புக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.